‘பார்த்து வா’ன்னு சொன்னா போதுமா? சாலையைக் கடக்கும் குழந்தைக்கு வண்டியின் வேகம் ஏன் தெரிவதில்லை?

காலை 8.25. நான் ஆபீஸ் பஸ்ஸுக்காக நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஆரம்பப் பள்ளி. ஏழு வயது இருக்கும், ஒரு பையன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி வைத்த வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவிலிருந்து தலையை நீட்டுகிறான். உள்ளே இழுக்கிறான். மறுபடி நீட்டுகிறான். பத்தடி தள்ளி ஜீப்ரா கோடு இருக்கிறது, ஆனால் அதன் மேல் இரண்டு பைக் பார்க் செய்திருக்கிறார்கள். ஒருவழியாக இருவரும் ஓடிக் கடக்கிறார்கள். சடன் பிரேக் போட்ட ஒரு ஸ்கூட்டர்காரர், “டேய், பார்த்து வர மாட்டியா?” என்று கத்துகிறார்.

அவன் பார்த்துத்தான் வந்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஒரே வருடத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள், அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 9,528 பேர். ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள். (வண்டியில் போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.) விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. உலக அளவில் பார்த்தாலும், 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

முதலில் உயரம். ஆறு வயதுக் குழந்தை சுமார் 115 சென்டிமீட்டர் இருக்கும். சாதாரண ஹேட்ச்பேக் காரே 150 சென்டிமீட்டர். அதாவது, ஓரத்தில் ஒரு கார் நின்றாலே குழந்தைக்கு ரோடு தெரியாது, ரோட்டில் வருபவருக்குக் குழந்தை தெரியாது. அதனால்தான் அந்தப் பையன் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தை நாம் எப்படிக் கணிக்கிறோம்? அதன் உருவம் கண்ணில் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் இதைப் பெரியவர்களிடமும் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடமும் சோதித்துப் பார்த்தார்கள். வண்டி ஐந்து விநாடி தொலைவில் இருக்கும்போது, பெரியவர்களால் மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகம் வரை சரியாகக் கணிக்க முடிந்தது. குழந்தைகளின் கணிப்பு சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டியதுமே தடுமாறத் தொடங்கியது. வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ, அது நெருங்கி வருவதே அவர்களுக்குத் தெரியாமல் போகும் ஆபத்தும் அவ்வளவு அதிகம்.

இது கவனக்குறைவோ குறும்போ கிடையாது. அந்தத் திறன் அவர்களுக்கு இன்னும் முழுதாக வளரவில்லை, அவ்வளவுதான். வளராத ஒன்றை “பார்த்துப் போ” என்று சொல்லிச் சொல்லி வரவழைக்க முடியாது.

அப்போ வேகத்தைக் குறைச்சா?

சின்னக் கணக்கு ஒன்று. 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயோ’ என்று மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். 30-இல் வரும் கார் அதற்குள் 8 மீட்டர் வந்திருக்கும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடும். தப்பித்தது! 50-இல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே, வேகம் கொஞ்சமும் குறையாமல் குழந்தை மேல் மோதியிருக்கும்.

ரூல்ஸ் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் சென்னை போலீஸ் அறிவித்தபடி நகருக்குள் காருக்கு 60, டூவீலருக்கு 50, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30. நம் தெருவில் யாராவது 30-இல் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? லேட்டான நாளில் நானே போனதில்லை. இன்னொரு சிக்கல், பல பள்ளிகளின் வாசல் மெயின் ரோட்டில்தான் இருக்கிறது. அங்கே 60-இல் போவது சட்டப்படி தப்பே இல்லை.

நடைபாதை கதையும் இதே மாதிரிதான். குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே 2014-இல் தனிக் கொள்கை கொண்டுவந்த மாநகராட்சி சென்னை. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டது. ஷாப்பிங் போகும் நமக்கு அது கிடைத்தது சந்தோஷம்தான், ஆனால் பள்ளி வாசலில் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ரோட்டில் இறங்கித்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கேயாவது இது மாறியிருக்கிறதா?

‘அதெல்லாம் ஐரோப்பாவில் நடக்கும்’ என்பீர்கள். சரி, தான்சானியாவின் டார் எஸ் சலாமுக்குப் போவோம். ‘அமெண்ட்’ என்ற தொண்டு நிறுவனம் அங்கே விபத்து அதிகமுள்ள ஆரம்பப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, வாசலில் வேகத்தடை, ஜீப்ரா கோடு, நடைபாதை, வண்டி ஏறாமல் இருக்க நட்ட குட்டைத் தூண்கள் என்று சின்னச் சின்ன வேலைகளைச் செய்தது. சில பள்ளிகளில் மெயின் ரோட்டுப் பக்கம் இருந்த கேட்டை மூடிவிட்டு, பக்கத்துத் தெருவில் புது கேட் வைத்தார்கள். மேம்பாலமும் இல்லை, சிக்னலும் இல்லை. இந்த மாற்றங்கள் செய்த பள்ளிகளில் பிள்ளைகள் காயமடையும் விகிதம் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. 2019-இல் இந்தத் திட்டத்துக்கு டபிள்யூ.ஆர்.ஐ. ராஸ் பரிசு கிடைத்தது.

எனக்கு அதில் பிடித்தது அந்த கேட் விஷயம்தான். என் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கும் பின்பக்கம், வண்டி அதிகம் வராத தெருவில், ஒரு கேட் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. ஏன் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். “பேரன்ட்ஸுக்கு வண்டி நிறுத்த இந்தப் பக்கம்தான்மா வசதி” என்றார்.