பல் டாக்டரிடம் மாத்திரைப் பையும் போகட்டும்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பலர், தே தாரிக் குடித்த வாயோடு படுத்துவிடுகிறார்கள். இனிப்புநீர்க்காரருக்கு இது இரட்டைக் கெடுதல். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். முற்றிய ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுக்குள் நிற்கவிடாது.

மருந்துகளும் சும்மா இருப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். முற்றினால் பல்லின் பாதிகூட மறைந்துபோகலாம். மனச்சோர்வு, ஒவ்வாமை மாத்திரைகள் பல எச்சிலை வற்றவைக்கும். சொத்தைக்கு அது போதும். எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் சாப்பிடுபவருக்கு, அரிதாகத்தான், பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், பல் பிடுங்கும் முன் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, பக்கவாதம் வரலாம். பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே, இரத்தம் உறையும் அளவைச் சோதித்துவிட்டுப் பிடுங்குவார்கள்.