'நிர்வாகம்' என்றால் யார்?

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால், வெள்ளையர் ஆட்சி முடியும் வரை இவை இரண்டும் இரு வேறு அரசுகளைச் சேர்ந்த ஊர்கள். ஃபோர்ட் கொச்சி, சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அங்கே கலெக்டரின் அதிகாரம். மட்டாஞ்சேரி, கொச்சி மகாராஜாவின் சீமை. அங்கே திவானின் அதிகாரம். இரண்டுக்கும் 'நிர்வாகம்' என்றே பெயர். பெயர் ஒன்றுதான்; பொருள் ஒன்றல்ல.

மலையாளத்தில் ஒரே வேர்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, மலையாளப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களைத் திகைக்க வைக்கும் சொல் 'பரணம்'. நாம் ஆளுங்கட்சி என்பது அங்கே 'பரணகக்ஷி'. அரசியல் சட்டம் 'பரணகடன'. மாவட்ட நிர்வாகம் 'ஜில்லா பரணகூடம்'. 1957ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த நிர்வாகச் சீர்திருத்தக் குழுவும் 'பரணபரிஷ்காரக் கமிட்டி'தான்.

தமிழில் ஆள்வது ஒன்று, நிர்வகிப்பது மற்றொன்று. மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே வேர். எது சரி என்ற வழக்கு வேண்டியதில்லை. ஆள்பவர் யார், அலுவல் பார்ப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அப்படிப் பிரிக்கவே முடியாதிருந்த காலமும் ஒன்று உண்டு.

திவான் காலம்

கொச்சி சமஸ்தானத்தில் திவானே மந்திரி, திவானே தலைமை அதிகாரி. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை இங்கு திவானாக இருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானவரும் அவரே.

அவர் காலத்தில், 1938ல், கொச்சியில் இரட்டை ஆட்சி வந்தது. சில இலாகாக்கள் மட்டும் சட்டசபைக்குப் பொறுப்பான ஒரு மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டன. அம்பாட்டு சிவராம மேனோன் முதல் மந்திரியானார். மற்ற இலாகாக்கள் திவான் கையிலேயே இருந்தன. 1942ல் சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, அப்போதைய மந்திரி டாக்டர் ஏ.ஆர். மேனோன் விலகினார். அதே சட்டசபையால் திவானை அசைக்க முடியாது. அவரை நியமிப்பவர் மகாராஜா. அவர் பதில் சொல்வதும் மகாராஜாவுக்கே. ஒரே சமஸ்தானத்தில் இரண்டு விதமான நிர்வாகம்!

அமெரிக்காவில் ஒரு பொருள்

'கென்னடி நிர்வாகம்', 'ரீகன் நிர்வாகம்' என்று செய்திகளில் படித்திருப்போம். அமெரிக்காவில் அந்தச் சொல் ஜனாதிபதியையும், அவர் அமர்த்திய சகாக்களையும் குறிக்கும். ஜனாதிபதி மாறினால் நிர்வாகமே மாறிவிட்டது என்பார்கள். ஏறக்குறைய 4,000 பதவிகளுக்குப் புதியவர் தம் ஆட்களை நியமிக்கலாம். ஆனால், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்க முடியாது. நான்கு ஆண்டுத் தவணை உண்டு.

பிரிட்டனிலும் இந்தியாவிலும் கதை வேறு. இங்கே மந்திரிசபையை 'அரசாங்கம்' என்கிறோம். மந்திரி போவார், செயலாளர் இருப்பார், கலெக்டர் ஆபீசில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும். நிலைத்து நிற்கும் அந்த இயந்திரத்துக்குத்தான் நிர்வாகம் என்று பெயர். சட்டசபை நினைத்தால் மந்திரிசபையைக் கவிழ்க்கலாம். குமாஸ்தாவின் நாற்காலி அதனால் ஆடாது.

வில்லிங்டன் தீவில் வேறொன்று

இந்தியாவுக்குள்ளேயே இதற்கு விலக்கும் உண்டு. அதைப் பார்க்க மட்டாஞ்சேரிக்காரர் வெகுதூரம் போக வேண்டாம். பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவு. அங்கே லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 முதல் யூனியன் பிரதேசமாக உள்ள லட்சத்தீவுக்குச் சட்டசபை கிடையாது, மந்திரிசபையும் கிடையாது. ஜனாதிபதி நியமிக்கும் நிர்வாகியே தலைவர். அங்கே 'நிர்வாகம்' என்பது அரசாங்கத்தின் கருவியல்ல, அரசாங்கமே அதுதான். தீவு மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு எம்.பி.யை டில்லிக்கு அனுப்பலாம். நிர்வாகியை மாற்ற அந்த ஓட்டுக்குச் சக்தியில்லை.

சென்னை கண்ட அனுபவம்

தேர்ந்தெடுத்த சபை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமற் போனால் என்ன ஆகும்? சென்னைவாசிகளுக்கு அது தெரியும். 1973ல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996ல். இடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் தனி அதிகாரிகளின் ஆட்சி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க அதிகாரி இருந்தார், கவுன்சிலர் இல்லை.

மன்றம் கலைந்தால் 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று, 1993ல் அமலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் கட்டளையிட்டது. அதற்குப் பின்னும் 2016ல் நடக்க வேண்டிய சென்னைத் தேர்தல் 2022ல்தான் நடந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

1967 நவம்பர் 1ல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவானது. பழைய எல்லை போயிற்று. பல நிர்வாகங்கள் மட்டும் இன்றும் அருகருகே இருக்கின்றன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சி. ரேஷன் கார்டுக்கு மாநில அரசின் சிவில் சப்ளை இலாகா. துறைமுகத்து வேலைக்கோ மத்திய அரசின் கீழுள்ள துறைமுக ஆணையம்.

'நிர்வாகம் கவனிக்கவில்லை' என்று மனு எழுதும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நியமித்தவர் யார்? அவரை எழுந்திருக்கச் சொல்லக்கூடியவர் யார்? இரண்டாவது கேள்விக்கான விடை எங்கே இருக்கிறதோ, மனுவின் ஒரு நகல் அங்கேயும் போக வேண்டும்.