சூரைச்செடியின் கீழ் ஓர் அப்பம்



கொத்மலை ஓயாவின் கரையில் அமைந்த தலவாக்கலை நகருக்குச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் இறங்கி வரும் மாணவரை நாள்தோறும் காண்கின்றோம். பனியும் மழையும் அவர்களுக்குப் பழகிப்போனவை. ஆனால் க.பொ.த. உயர்தர வகுப்பை எட்டியதும் வேறொரு பாரம் அவர்கள் தோளில் ஏறுகின்றது. மேலதிக வகுப்புக் கட்டணம், பஸ் கட்டணம், புத்தகச் செலவு என அது வளர்கின்றது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாலோ தங்குமிடமும் உணவும் சேர்ந்துகொள்கின்றன. பல குடும்பங்களில் இவையாவும் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்தே வரவேண்டும். நீண்ட கோரிக்கைகளின் பின்னர் அச்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படையாக 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராத நாளில் அதுவும் முழுமையாய்க் கிடைப்பதில்லை; அரைப்பேர்தான்.

இப்பாரம் கைப்பணத்தோடு நின்றுவிடுவதில்லை. தன் படிப்புக்காகத் தாயின் தோடு அடகுக்குப் போயிற்று என்பதை அறிந்த பிள்ளை செபிக்க முழந்தாளிட்டால் சொற்கள் வருவதில்லை. "எத்தனை நவநாள் செய்தோம், என்ன பயன்?" என்னும் கேள்வி உள்ளத்தில் எழுகின்றது. காணிக்கை எடுக்கும் வேளையில் தலை தானாகக் குனிகின்றது. மெல்ல மெல்ல ஞாயிறு திருப்பலியும் தவறுகின்றது. "பிள்ளைக்குப் பக்தி குறைந்துவிட்டது" என்று வீட்டார் வருந்துகின்றனர். பிள்ளையோ தன் நிலையை எவரிடமும் சொல்லக் கூசித் தனித்துப்போயிருக்கின்றது.

இத்தகைய தனிமையில் வீழ்ந்த ஒருவரை 1 அரசர்கள் நூலின் 19ஆம் அதிகாரத்தில் சந்திக்கின்றோம். கர்மேல் மலையில் வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகின்றார். உடன் வந்த பணியாளரையும் வழியிலேயே விட்டுவிட்டுப் பாலைநிலத்தில் தனியே நடந்து, சூரைச்செடியொன்றின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரட்டும் என மன்றாடுகின்றார். அப்போது ஆண்டவரின் தூதர் என்ன செய்தார்? விசுவாசக் குறைவுக்காகக் கடிந்துகொண்டாரா? இல்லை. சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து, எழுந்து உண்ணச் சொன்னார். மீண்டும் ஒருமுறை வந்து உண்ணச் சொன்னார். அந்த உணவின் வலிமையால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். அங்கேதான் மெல்லிய ஒலியில் இறைவனை உணர்ந்தார். முதலில் அப்பம், அதன் பின்னரே வெளிப்பாடு என்னும் இந்த ஒழுங்கை நாம் மறத்தலாகாது.

அம்மலையிலும் எலியா, "நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன்" என்று முறையிட்டார். இறைவனோ, தம்மைப் பற்றிநிற்கும் ஏழாயிரம் பேர் இருப்பதை அவருக்கு அறிவித்து, தோழராக எலிசாவையும் காட்டினார். தாம் எண்ணியதுபோல் எலியா ஒருநாளும் தனியராய் இருக்கவில்லை.

நம் காலத்துக்கு அண்மையிலும் இதற்கொரு சான்று உண்டு. போலந்து நாட்டில் கரோல் வொய்த்தீவா என்னும் சிறுவர் 1929இல் தாயையும், 1932இல் ஒரே அண்ணனையும் இழந்தார். 1938இல் கிராக்கோவ் நகரில் பல்கலைக்கழகம் புகுந்தார். அடுத்த ஆண்டே போர் வந்து அதன் கதவுகள் மூடப்பட்டன. 1940இல் கல்லுடைக்கும் குவாரியில் தொழிலாளியானார். 1941இல் தந்தையும் இறக்க, இருபது வயதில் உற்றார் எவருமின்றி நின்றார். பின்னர் இரசாயனத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துகொண்டே, 1942 முதல் மறைவாக இயங்கிய குருமடத்தில் சேர்ந்து, இரவு வேலையின் இடைவேளைகளில் மெய்யியல் நூல்களைப் படித்தார். அப்பாடம் தம்மைப் பெரிதும் திணறடித்தது எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

இவ்வரலாற்றில் நம் கண்ணுக்கு எளிதில் படாத சிலர் இருக்கின்றனர். அவர் படிப்பதற்கு நேரம் விட்டுக்கொடுத்த சக தொழிலாளர் ஒரு சாரார். மற்றவர் யான் திரனோவ்ஸ்கி என்னும் தையற்காரர். இப்பொதுநிலையினர், தையல் இயந்திரங்கள் நின்ற தம் சிறு வீட்டில் இளைஞரைச் சந்தித்து, அவர்களுக்குச் செவிசாய்த்து, செபிக்கக் கற்பித்தார். ஆன்மாவின் இருளும் இறைவன் நடத்தும் வழியே எனப் போதித்த சிலுவையின் புனித யோவானைக் கரோலுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. அந்தத் தொழிலாளி மாணவரே 1978இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். 1995 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்து, காலிமுகத்திடலில் யோசவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

அன்பு மாணவச் செல்வங்களே, செபம் வகுப்புக் கட்டணத்தைச் செலுத்திவிடாது. ஆயினும் கடவுள் முன்பும் மனிதர் முன்பும் உண்மையைச் சொல்லும் துணிவை அது தரும். சொற்கள் வராத நாளில் ஆலயத்தில் சும்மா அமர்ந்திருங்கள்; அதுவும் செபமே. உங்கள் வறுமை பாவமன்று. அதனை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பங்குத்தந்தையிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ வாய்திறந்து பேசுங்கள். மகாபொல போன்ற புலமைப்பரிசில்களுக்கு உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகம் ஒன்றே வழியென எண்ணவேண்டாம். ஆசிரியராக விரும்புவோருக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. எலியாவைப் போல் உயிரே வேண்டாம் என்னும் எண்ணம் தோன்றினால், விடியும்வரை காத்திராது அப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள்.

பெற்றோரே, பங்கு மக்களே, அப்பத்தைச் சுட்டு வைக்கும் தூதரின் பணி நமக்கு உரியது. திருப்பலிக்கு வராத பிள்ளையிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா, மகனே?" என்று கேட்போம். திருவிழாச் சோடனையில் ஒரு பகுதியைக் குறைத்தால் ஒரு மாணவியின் பஸ் கட்டணம் கிடைக்கும். படித்து வேலையில் அமர்ந்தவர்கள், வாரம் ஒருமுறை மாலைவேளையில் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கலாம். கொடுப்பது பிறர் அறியாதபடி இருக்கட்டும். பெறும் பிள்ளை கூனிக்குறுகக் கூடாது.

ஆண்டவரே, சூரைச்செடியின் கீழ் அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். அவர்கள் எழுந்து நடக்கும் வலிமையை அவர்களுக்கும், அப்பத்தோடு அவர்களைத் தேடிச்செல்லும் மனத்தை எங்களுக்கும் தந்தருளும். ஆமென்.