சின்ன கேமரா, பெரிய லென்ஸ்

"ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி சின்னதா ஒரு கேமரா வேணும். ஃபுல் ஃப்ரேமா, ஏபிஎஸ்-சியா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. இது ரெண்டு தனித்தனி கேள்விங்க.

முதல்ல டிசைன். லைக்கா எம் மாதிரி நிஜ ரேஞ்ச்ஃபைண்டர்ல, வியூஃபைண்டர்ல தெரியுற ரெண்டு பிம்பத்தை ஒண்ணாச் சேர்த்து நீங்களேதான் ஃபோகஸ் பண்ணணும். சோனி ஏ7சி, ஃபியூஜி எக்ஸ்-இ வரிசையில அது கிடையாது. வியூஃபைண்டர் இடது மூலைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். வலது கண்ணால பாக்குறவங்களுக்கு மூக்கு ஸ்கிரீன்ல இடிக்காது. இடது கண்ணு ஃப்ரீயா தெருவைப் பாக்கலாம். இடது கண்ணால பாக்குறவங்களுக்கு இந்த லாபம் இல்ல. கடையில கேமராவைத் தூக்கினதும் எந்தக் கண்ணு தானா போகுதுன்னு கவனிங்க.

அடுத்து சென்சார். ஃபுல் ஃப்ரேம் 36×24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6. பரப்பளவுல இரண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம். ஒரே செட்டிங்ல மொத்த வெளிச்சம் ஃபுல் ஃப்ரேமுக்கு ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகமா கிடைக்கும். ராத்திரி படத்துல நாய்ஸ் குறையும். மங்கலான மண்டபத்துல கல்யாணம் எடுக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா பெரிய சென்சாரை முழுசா நிரப்ப லென்ஸும் பெருசாகணும். ஏ7சி பாடி சின்னதுதான். அதுல ஒரு 24-70 எஃப்2.8 மாட்டிப் பாருங்க, 'சின்ன கேமரா' கனவு அங்கேயே காலி! எக்ஸ்100 வரிசை அவ்வளவு ஒல்லியா இருக்க ஒரு காரணமே ஏபிஎஸ்-சிதான். அதோட 23 மிமீ எஃப்2 லென்ஸ், ஃபுல் ஃப்ரேம்ல 35 மிமீ காட்டுற கோணத்தைக் காட்டும். லென்ஸை மாத்த முடியாது. தெருப் படங்களுக்கு எனக்கு அது போதும்.