வலப்புறத்தில் தொடங்கும் புத்தகம்

மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, மலைச்சரிவின் தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு லயத்து வாசல்வரை வந்து நிற்கிற இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், இஸ்தோப்பில் சாயத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சிறுவன் ஒருவனிடம் பழைய ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகமொன்றைக் கொடுத்தால், அவன் தன் வழக்கப்படி இடப்புற அட்டையைத் திறப்பான். திறந்ததும் கதையின் கடைசிப் பக்கத்தைக் காண்பான். நமக்குப் பின்னட்டையாகத் தோன்றுவதே அந்தப் புத்தகத்துக்கு முன்னட்டை. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்கி, வரிகள் வலமிருந்து இடமாக நகர்வதால், படக்கட்டங்களும் அத்திசையிலேயே நடக்கின்றன. ‘மங்கா’ என்று உலகம் முழுவதும் வழங்கும் இச்சித்திரக்கதைகளை, முக்கியமாக இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் தோன்றிய பழைய படைப்புகளை, வேறொரு பாஷைக்குக் கொண்டுசெல்லும் கைத்தொழில் எத்தகையது என்பதையும், அது நம்முடைய தமிழுக்கு எவ்வளவு அணுக்கமானது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, உணவுக்கே திண்டாடிய ஜப்பானில், மலிவான காகிதத்தில் அச்சான படக்கதைகள் மக்களின் பெரும் ஆறுதலாக விளங்கின. 1947இல் வெளிவந்த ‘புதிய புதையல் தீவு’ என்ற நூலின் மூலம் புகழ்பெற்ற தெசுகா ஒசாமு, வைத்தியக் கல்வி கற்றவராயினும் தூரிகையையே வாழ்க்கையாகக் கொண்டு, 1952இல் ‘டெட்சுவான் அட்டோம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் தொடரைத் தொடங்கினார்; பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சி ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று பெயர் மாற்றி அழைத்துக்கொண்டது அவனையே. 1972 முதல் 1983 வரை அவர் வரைந்த ‘புத்தா’ என்ற நெடுங்கதை கபிலவஸ்துவின் அரசகுமாரனைப் பற்றியது. யுத்தகளத்தில் இடக்கரத்தை இழந்து, எஞ்சிய வலக்கரத்தால் பேய்க்கதைகளை வரைந்த மிசுகி ஷிகெரு, பிறப்பினால் ஒதுக்கப்பட்ட மனிதரின் துயரை ‘காமுய்’ என்னும் பாத்திரத்தின் வழியே சித்திரித்த ஷிராதோ சன்பெய், ஹிரோஷிமாவின் அணுகுண்டிலிருந்து ஆறு வயதில் உயிர்தப்பிய நகசாவா கெய்ஜி ஆகியோர் பிற்காலத்தில் அக்கலையைச் சிறுவர் விளையாட்டு என்ற எல்லையைக் கடந்து வெகுதூரம் கொண்டுசென்றார்கள்.

இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முதன்முதலில் முனைந்தவர்களிற் பலர் அக்கதைகளின்மீது அன்புகொண்ட சாதாரண வாசகர்களே. நகசாவாவின் ‘வெறுங்கால் கென்’ கதையை ஆங்கிலமாக்கவென 1976இல் டோக்கியோவில் தொண்டர் குழுவொன்று கூடியது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரெடரிக் ஷாட் என்ற அமெரிக்கரும் அவருடைய நண்பர்களும் தெசுகாவின் ‘பீனிக்ஸ்’ வரிசையில் ஐந்து பாகங்களை மொழிபெயர்த்து முடித்தார்கள். ஆயினும் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் அச்சேறுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1983இல் ஷாட் மங்காவைப் பற்றிய விரிவான ஆங்கில நூலொன்றை எழுதினார். 1987இல் தான் அமெரிக்கக் கடைகளில் காமுயும், தன் சிறு குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச்செல்லும் வாள்வீரனின் கதையும் தொடர் இதழ்களாகக் கிடைக்கலாயின.

அவர்கள் சந்தித்த முதற் சங்கடம் திசை. ஆங்கில வாசகர் இடமிருந்து வலமாகப் படிப்பவர் என்பதால், பக்கங்களைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலப் புரட்டி அச்சிடுவது அந்நாளைய வழக்கமாயிற்று. ஒரேயொரு படத்தை உற்று நோக்கினால் அதனால் விளையும் கேடு புலப்படும். கிமோனோ உடையை அணியும்போது, உயிரோடிருப்பவர் இடப்பக்கத் துணியை வலப்பக்கத்தின் மேலாக மடித்துக் கட்டுவது ஜப்பானிய மரபு; வலப்பக்கம் மேலாக வருமாறு கட்டுவது பிரேதத்துக்கு உடுத்தும்போது மாத்திரமே. படத்தைப் புரட்டியவுடன், சந்தையில் சிரித்துப் பேசும் பெண்களும் விளையாடும் குழந்தைகளும் ஒரே கணத்தில் பிணக்கோலம் பூண்டுவிடுகிறார்கள். இடையின் இடப்புறத்தில் வாள் செருகி வலக்கையால் உருவும் வீரர்கள் அனைவரும் இடக்கைக்காரராகிவிடுகிறார்கள். 2000க்குப் பின்னர்தான் ஆங்கிலப் பதிப்பாளர்கள் பலர் இம்முறையைக் கைவிட்டு, மூலத்தின் திசையிலேயே அச்சிட்டு, வாசகரைத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினார்கள். வாசகரும் மனமுவந்து மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது சங்கடம் இடம். மேலிருந்து கீழாக எழுதப்படும் ஜப்பானிய வசனத்துக்காக வரையப்பட்ட பேச்சுக்குமிழ்கள் ஒடுங்கி நீண்டிருக்கின்றன. அவற்றுள் கிடைவரியாக எழுதப் புகுந்தால் ஒரு வரிக்கு ஒரு சொல்கூட அடங்காது. இவ்விஷயத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடவும் அதிகச் சிரமப்படும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். அதை ஒடுங்கிய குமிழுக்குள் வைக்க நான்கு துண்டுகளாக வெட்டினால் வாசகனின் கண் நான்குமுறை இடறும். கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளன் அங்கே படத்தைப் பார்க்கிறான்: தூரத்தில் புழுதி எழுகிறது, ஒருவன் விரல் நீட்டிக் காட்டுகிறான். ஆகவே ‘அதோ, வாராங்க!’ என்று எழுதி முடிக்கிறான். புழுதி சொல்லிவிட்டதை வசனம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. படம் பேசுகின்ற இடத்தில் மௌனமாயிருக்கவும், படத்தால் இயலாததை மாத்திரம் சொல்லவும் அறிந்திருப்பதே இத்தொழிலின் தலையாய இலட்சணம்.

மூன்றாவதான ஒலிக்குறிப்பைப் பற்றிப் பேசும்போதுதான் தமிழனுக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஜப்பானிய மொழியில் ஓசையைக் குறிக்கும் சொற்கள் மாத்திரமன்றி, ஓசையே இல்லாத நிலைகளைக் குறிக்கும் இரட்டைச் சொற்களும் ஏராளம். நெஞ்சு அடித்துக்கொள்வது ‘டொக்கி டொக்கி’. மினுங்குவது ‘கிரா கிரா’. முகமலர்ந்து சிரிப்பது ‘நிக்கோ நிக்கோ’. பெருமழை ‘ஸா ஸா’. அரவமில்லாமல் பனி விழுவது ‘ஷின் ஷின்’. வெறுமையான அறையில் யாரும் பேசாத கணத்தைக்கூட ‘ஷீன்’ என்று பெரிய எழுத்தில் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுகிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இங்கே திகைத்து நிற்கிறார். வெடிக்கும் ஓசைக்கும் மோதும் ஓசைக்கும் அவரிடம் சொற்கள் உண்டு, மினுக்கத்துக்கும் நிசப்தத்துக்கும் அரிது. நமக்கோ இரட்டைக்கிளவி என்று இலக்கணமே பெயரிட்டு வைத்திருக்கிறது. படபடவென்றும், பளபளவென்றும், சோவென்றும், கமகமவென்றும் நாளெல்லாம் பேசுகிறோம். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் பெண்கள் குசுகுசுவென்று பேசுவதும், தொழிற்சாலையில் உருளை இயந்திரம் கடகடவென்று சுழல்வதும், பனி சில்லென்று முகத்தில் படுவதும், வேலை முடிந்த மலை ‘கம்’மென்று அடங்குவதும் நம் மலையகத்து அன்றாட வழக்கல்லவா! ‘ஷீன்’ என்ற எழுத்துக்கு அந்தக் ‘கம்’மென்ற சொல்லைவிடப் பொருத்தமான ஈடு வேறெந்த மொழியில் கிடைக்கும்?

நான்காவது, மனிதர் ஒருவரையொருவர் விளிக்கும் முறை. முன்பின் அறியாத முதியவரையும் ‘மாமா’ என்றும், கடைக்காரப் பெண்ணை ‘அக்கா’ என்றும், மூத்த தொழிலாளியை ‘அண்ணே’ என்றும் நாம் அழைப்பதைப்போலவே ஜப்பானியரும் உறவுப் பெயராலேயே அயலாரை அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவ்வாறு எழுதினால் இரத்த உறவென்றே வாசகர் மயங்குவார். ஆகையால் மொழிபெயர்ப்பாளர் அவற்றைக் கைவிட்டு வெறும் பெயரை இடுகிறார், அல்லது ‘சான்’, ‘குன்’ என்னும் ஜப்பானிய விகுதிகளை அப்படியே விட்டுவைக்கிறார். ஒருவன் மற்றவனை மரியாதைச் சொல்லிலிருந்து ஒருமைச் சொல்லுக்கு இறக்கிப் பேசும் கட்டம் மங்காவில் ஒரு சம்பவமாகவே அமையும். ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகின்ற அந்தக் கணத்தின் கனத்தைத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நூற்றாண்டுகளாக வாழ்ந்த நம் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஐந்தாவது, வாக்கியத்தின் போக்கு. ஜப்பானியம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் பயனிலை இறுதியில் வருகிறது. ‘உன் அண்ணனை’ என்று ஒரு குமிழ். ‘அன்றிரவு ஆற்றங்கரையில்’ என்று அடுத்தது. பக்கத்தைத் திருப்பினால் ‘கொன்றவன் நானே’ என்று மூன்றாவது. சித்திரக்காரர் திடுக்கிடும் முகத்தை அந்த மூன்றாவது குமிழுக்கருகே வரைந்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தின் இயல்பான நடையோ கொன்றவனையும் கொலையையும் முதலிலேயே சொல்லிவிடும். முகம் திடுக்கிடுவதற்கு முன்னரே வாசகர் திடுக்கிட்டுவிடுவார். அதைத் தடுக்க ஆங்கில மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை உடைத்துத் திருப்பி எத்தனையோ வித்தை செய்யவேண்டியிருக்கிறது. தமிழில் குமிழ்களை இருந்த வரிசையிலேயே நிரப்பிக்கொண்டு போகலாம்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு வியந்த ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர், நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரின் ஒத்துழைப்புடன், தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று நிறுவ நெடுங்காலம் பாடுபட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. இரத்த உறவு இல்லாவிடினும், பக்கத்துக் காம்பிராவில் வாழ்வோரைப்போல இரு மொழிகளின் நடையுடை பாவனைகள் ஒத்திருப்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் போதுமானது.

சித்திரக்கதையை மொழிபெயர்க்கும் பயிற்சி தமிழுக்குப் புதியதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ், ‘எஃகு நகம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட பிரிட்டிஷ் கதையை ‘இரும்புக்கை மாயாவி’ ஆக்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மாத்திரம் தெரியும் அம்மனிதனுக்கு ‘மாயாவி’ என்ற பெயரை அளித்தவர், சொல்லை விட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டார். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. பிரெஞ்சு மொழியின் ‘புளூபெரி’ என்னும் குதிரைப்படை வீரன் இவ்வெளியீட்டாரின் கைவண்ணத்தில் ‘கேப்டன் டைகர்’ ஆனான். அட்டை கிழிந்து, மூலை மடிந்து, லயம் லயமாகக் கைமாறி வந்த அவ்விதழ்களை மண்ணெண்ணெய் விளக்கின் அருகே படித்த நாட்களை நான் மறந்தவனல்லேன். மலையகத்தின் இலக்கியமும் மொழிபெயர்ப்பின் துணையோடுதான் வளர்ந்தது: மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாகப் பாட, அதைச் சக்தி பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்கு மீட்டுத் தந்தார்.

இனி ஒரேயொரு சொல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை, பாடசாலை மதிற்சுவரின் மறைவில் நின்றதனால் உயிர் பிழைத்த நகசாவா, தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்றே இழந்தார். அந்தக் குண்டுக்கு ஹிரோஷிமா மக்கள் இட்ட பெயர் ‘பிக்காடோன்’. ‘பிக்கா’ என்பது மின்னல்வெட்டும் ஒளி; ‘டோன்’ என்பது அதைத் தொடரும் முழக்கம். மிக அருகிலிருந்து தப்பியோர் ‘பிக்கா’ என்று மாத்திரமே சொல்வார்களாம். ஏனெனில் அவர்கள் ஒளியைக் கண்டார்கள், முழக்கத்தைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இதை ‘குண்டு’ என்று பெயர்த்தால் பொருள் வரும். கண்டவனின் கண் வராது. ‘பளீர்’ என்று எழுதும் தமிழனுக்கு அந்தக் கண் கிடைக்கிறது. ‘பளீர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளவும் ‘டமார்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளவும் அவனால் இயலும். நின்ற தூரம்கூடச் சொல்லில் விளங்கிவிடும்.

ஜப்பானிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கே ஒலியும் உறவும் உதிர்ந்து, பிறகு தமிழுக்கு வரும் கதையில் நமக்குக் கிடைப்பது எஞ்சியது மாத்திரமே. நேரே எடுத்துவந்தால் முழுவதும் கிடைக்கும். இன்று நம் நாட்டு இளைஞர் பலர் ஜப்பானில் தொழில் செய்யும் நோக்கத்துடன் அந்த மொழியைக் கற்கிறார்கள். மலையகப் பிள்ளைகளும் கற்கட்டும், போகட்டும், உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பட்டும். அவர்களுள் ஒருவராவது, விடுமுறை நாளில் பழைய புத்தகக் கடையில் காகிதம் பழுத்த ஒரு மங்காவை வாங்கி, வலப்புற அட்டையைத் திறந்து, முதற் குமிழுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று பென்சிலும் கையுமாக யோசிக்கத் தொடங்குவாரேயானால், இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுவனுக்குப் புத்தகத்தை எங்கே திறப்பது என்று நாம் சொல்லிக்கொடுத்தது வீண்போகாது.