ஒரு கண்டு நூலும் ஒரு கல் மண்டபமும்

பொழுதுபோக்குக் கலைகளுக்கான மூலப்பொருள்களை விற்பதற்கென்றே அமைந்த கடைகள் மேலை நாட்டு நகரங்களில் தனி இனமாக வளர்ந்தன. மாதிரி ரயில் வண்டி செய்பவர், அஞ்சல்தலை சேர்ப்பவர், பூத்தையல் தைப்பவர் என ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு கடையும், அந்தக் கடையைச் சுற்றி ஒரு கூட்டமும் அங்கே இருந்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு பெயர்ப்பலகை பரவலாக எழுந்ததில்லை என்றாலும் அந்தத் தேவை இங்கும் இருந்தது. தையல் சாமான் கடைகளும், பேன்சி ஸ்டோர் என்று மக்கள் அழைக்கும் வளையல், பொட்டு, ரிப்பன் கடைகளும், எழுதுபொருள் கடைகளும் அதைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு நிறைவேற்றி வந்தன. மதுரையிலோ இவற்றில் பெரும்பகுதி ஒரே கூரையின்கீழ் கூடியிருந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபமே அந்த இடம்.

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காக எழுப்பியதால் வசந்த மண்டபம் என்றும் வழங்கப்படும் இக்கட்டடம், ஏறத்தாழ 400 ஆண்டுகளாகப் ‘புது’ மண்டபமாகவே மதுரை மக்களின் பேச்சில் நிலைத்திருக்கிறது. சுமார் 333 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்ட இதன் தூண்களில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகளும், மீனாட்சி கல்யாணமும், கயிலையைப் பெயர்க்கும் இராவணனும், கரும்பு உண்ணும் கல் யானையும் செதுக்கப்பட்டுள்ளன. கோடையில் இறைவன் எழுந்தருளும் நடுமேடையைச் சுற்றி, வெப்பம் தணிய நீர் நிறுத்துவதற்கான பள்ளமும் உண்டு. 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேய ஓவியர்கள் இதை வரைந்தார்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் இதை ஒளிப்படமாக எடுத்தார். இத்தகைய சிற்பக் கருவூலத்தின் தூண்களுக்கு இடையிலேதான் பிற்காலத்தில் சுமார் 300 சிறு கடைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன.

கோயில் வாசலிலேயே அமைந்திருந்ததால், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து அம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிற குடும்பம், செலவில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிற இடமாகவும் புதுமண்டபம் இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கல்லின் குளிர்ச்சியும், பித்தளைப் பாத்திரங்களின் மினுக்கமும், வரிசையாக ஓடும் தையல் இயந்திரங்களின் ஓசையும் ஒன்றாக வந்து சேரும். ஒரு பக்கம் பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் பள்ளிப் பாடநூல்களும்; இன்னொரு பக்கம் மரச்சொப்பு, கோல அச்சு, பாசிமணி, ஜரிகை, லேஸ், பொத்தான். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது, கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடும் பக்தர்களுக்கான உடைகளை இங்கிருந்த தையற்காரர்கள் தைத்துக் கொடுத்தார்கள். தலையில் கட்டும் உருமா, இடுப்பில் அணியும் அலங்காரக் கால்சட்டையாகிய சல்லடம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இத்தையற்காரர்களில் பலர் இஸ்லாமியர் என்பது மதுரையின் இயல்பைச் சொல்லும் செய்தி.

பொழுதுபோக்குக் கலை பயில்பவருக்கு இந்தச் சந்தை தந்த மிகப் பெரிய வசதி, எதையும் எவ்வளவு சிறிய அளவிலும் வாங்க முடிந்தது என்பதே. பூத்தையலுக்கான பருத்தி நூல், ஆறு மெல்லிய இழைகள் சேர்ந்த சிறு கண்டாக வருகிறது; ஒரு கண்டில் 8 மீட்டர் நூல் இருக்கும். தைப்பவர் அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று இழைகளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியில் கோத்துக் காம்புத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல் என்று போடுவார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கர் என்னும் பெயரில் வரும் நூலில் 403 என்றால் கறுப்பு. ஆயினும் கடைக்கு வருபவர் பெரும்பாலும் எண்ணைச் சொல்வதில்லை. பாதி தைத்து நூல் தீர்ந்துபோன தலையணை உறையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். கடைக்காரர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கிளிப்பச்சையா, அதற்கு ஒரு மாற்றுக் குறைந்த பச்சையா என்று நாலைந்து கண்டுகளைத் துணிமேல் வைத்துப் பார்த்து, ஒன்றை மட்டும் கொடுப்பார். அதற்குமேல் வாங்கும்படி யாரும் வற்புறுத்தியதில்லை.

அந்த நூலுக்கும் மதுரைக்கும் வேறொரு உறவும் உண்டு. ஹார்வி சகோதரர்கள் 1892இல் மதுரையில் தொடங்கிய மதுரா மில்ஸ், 1974இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜே. அண்ட் பி. கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியத் தொழிலோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஆங்கர் பூத்தையல் நூல் இந்தியச் சந்தைக்கு வந்தது அந்தப் பெயரில்தான். திருப்பரங்குன்றத்தை அடுத்து மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பஞ்சையும் நூலையும் நம்பி வாழ்ந்த ஊரில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெண்கள் தைத்த பூக்களுக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய நூலே கிடைத்தது.

ஒயர் கூடை இதற்கு அடுத்த பெரிய கலை. பிளாஸ்டிக் வயரைக் கொண்டு முடிச்சுப் போட்டுப் பின்னும் இந்தக் கூடை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுப் பெண்களின் கைவேலையாகவே அடையாளம் பெற்றது. குறித்த நீளத்தில் வெட்டிய வயர்களை நடுவில் மடித்து, நீண்டு ஓடும் மற்றொரு வயரின்மேல் வரிசையாக முடிந்து அடிப்பகுதியை உருவாக்குவார்கள். பின்பு சுற்றிச் சுற்றிப் பின்னி மேலே ஏற்றி, இறுதியில் கைப்பிடி போட்டு முனைகளை உள்ளே செருகிவிடுவார்கள். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, திரண்ட உருவில் எழும் நெல்லிக்காய் முடிச்சு, இரு வண்ணங்கள் கண்போல மாறி மாறி வரும் சிவன் கண் என்று வகைகள் பல. வெட்டும் வயரின் நீளம் தவறினால் பாதிக் கூடையில் வேலை நின்றுபோகும் என்பதால், எத்தனை முடிச்சு அகலத்துக்கு எத்தனை கட்டு, ஒவ்வொன்றும் எத்தனை முழம் என்ற கணக்கே இந்தக் கலையின் உயிர். அந்தக் கணக்கைப் புத்தகத்தில் தேடியவர்கள் குறைவு. வயர் விற்ற கடையிலேயே கேட்டுக்கொண்டவர்கள்தாம் மிகுதி. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அதே கடையில் வயர் வாங்க நின்ற மற்றொரு பெண் சொல்லிக் கொடுத்தார்.

இந்தக் கடைகள் தேய்ந்ததற்கு இணைய வணிகத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. மின்வணிகம் மதுரை வீடுகளுக்கு வருமுன்பே, விலை மலிந்த ஆயத்த ஆடைகளும் அச்சுப்பூப் போட்ட விரிப்புகளும் வந்துவிட்டன. பள்ளிகளில் தையல் வகுப்பு மெலிந்தது இதைவிட முக்கியமானது. ஓடு தையல், பொத்தான் துளை, மடிப்புத் தையல் என்று சிறு சிறு துணித்துண்டுகளில் தைத்து நோட்டில் ஒட்டிக் காட்டும் வழக்கம் பெண் பிள்ளைகளிடையே முன்பு பரவலாக இருந்தது. அந்த நோட்டுக்காகவே ஆண்டுதோறும் ஒரு கூட்டம் கடைகளுக்கு வந்தது. மதிப்பெண் தராத பாடம் என்று அதை ஒதுக்கியபோது, கடைக்கு வரவேண்டிய அடுத்த தலைமுறை வராமற்போயிற்று. மறுபுறம், மணப்பெண் ரவிக்கைக்குக் கொக்கி ஊசியால் மணியும் கல்லும் பதிக்கும் ஆரி வேலை அண்மைக் காலத்தில் பெருகியிருப்பதால் அதற்கான சாமான் கடைகள் நன்றாகவே நடக்கின்றன. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் தொழிலுக்காக மொத்தமாக வாங்குபவர்கள். எட்டு மீட்டர் நூலுக்காக வருபவரை எதிர்பார்த்து வைத்த கடைகள் அல்ல அவை.

பிற பொழுதுபோக்குகளின் கதையும் இதை ஒட்டியதே. மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவிலான தொலைவிலுள்ள சிவகாசியில் அச்சாகி, 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. இன்று அவற்றை வாங்குபவர் சந்தா கட்டியோ, புத்தகத் திருவிழாவிலோதான் பெரும்பாலும் வாங்குகிறார். விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட ஒலிநாடாவில் பதிந்து தந்த பாடல்பதிவுக் கடைகள் முற்றிலும் மறைந்துவிட்டன. காமிக்ஸும் பாடலும் வேறு வழியில் இன்னும் கிடைக்கின்றன; எனவே அந்த இழப்பு ஓரளவு ஈடாகிவிட்டது. கைவேலைக்கு அப்படியொரு ஈடு எளிதில் அமையவில்லை.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் பற்றிய தீ, அங்கிருந்த கடைகளையும் கல் கூரையையும் தூண்களையும் பாழாக்கியது. கோயில்களுக்குள் கடைகள் இருக்கக்கூடாது என்ற கருத்து அதன்பின் வலுத்தது. புதுமண்டபக் கடைகளுக்கு, அருகிலேயே பழைய குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டு, 2020களின் தொடக்க ஆண்டுகளில் அவை அங்கே மாறின. இந்த முடிவு சரியானதே என்பதில் ஐயமில்லை. துணி மூட்டைகளுக்கும் பாத்திர அடுக்குகளுக்கும் பின்னே பல ஆண்டுகள் மறைந்துகிடந்த சிற்பங்கள் உலகத்துக்கு உரியவை. ஒரு மின்கசிவில் அவை கருகிப்போக விட்டிருந்தால் மதுரை தன்னை மன்னித்துக்கொள்ள முடியாது. ஆனால் கடையை மாற்றுவது எளிது, அதை நாடி வரும் காலடியை மாற்றுவது எளிதன்று. கோபுர வாசலிலிருந்து நேரே நடந்து நுழைந்தவர், இப்போது தேடிக்கொண்டு போக வேண்டும். கூடை வயரையும் பூத்தையல் நூலையும் தேடிப் போகிறவர் ஏற்கெனவே அந்தக் கலையை அறிந்தவர்; தற்செயலாகப் பார்த்து ஆசைப்பட்டு, “இது எப்படிப் பின்னுவது?” என்று கேட்டு ஒரு கட்டு வயரோடு ஊர் திரும்பியவரே புதிதாகச் சேர்ந்தவர். அவருடைய வழிதான் அடைபட்டுவிட்டது.

உலகம் முழுவதும் இதே நிலைதான். 1943இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கி, துணியும் தையல் சாமானும் கைவேலைப் பொருளும் விற்று நாடெங்கும் ஏறத்தாழ 800 கிளைகளாகப் பெருகிய ஜோஆன் நிறுவனம், 2025இல் தன் கடைகள் அனைத்தையும் மூடியது. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க இனி எங்கே போவது என்று அந்நாட்டுத் தையல் ஆர்வலர்கள் வருந்தினார்கள். அங்கே சரிந்தது பெரிய கடன் சுமையைத் தாங்கிய ஒரு பெருநிறுவனம். மதுரையில் தேய்வதோ ஒருவரே முதலாளியும் விற்பனையாளரும் ஆசிரியருமாக இருந்த ஆறடிக் கடை. ஆறடிக் கடைக்குக் குறைந்த வாடகையும் நாள்தோறும் பத்துப் புதிய முகங்களும் போதும்; அவற்றுக்கு வழி செய்வது ஒரு மாநகராட்சியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

இணையத்தில் நூறு கண்டுகள் கொண்ட பெட்டி, தனித்தனியே வாங்குவதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டியின் விலையை ஒரே நேரத்தில் கொடுக்க முடிந்தவருக்கே அந்த மலிவு. கையில் இருபது ரூபாய் மட்டும் உள்ள பள்ளி மாணவிக்குத் தேவை இரண்டு வண்ணமும் ஓர் ஊசியும்தான்; அதைக் கொண்டு கற்றுக்கொண்ட எத்தனையோ பெண்கள் பின்னாளில் ரவிக்கை தைத்தும் கூடை பின்னி விற்றும் வீட்டு வருமானத்துக்குத் தோள் கொடுத்திருக்கிறார்கள். சில்லறையாகக் கொடுக்கும் கடை மறைந்தால், பொழுதுபோக்கு என்பது வசதி உள்ளவர்களின் உடைமையாகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டபின், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒயர் கூடை மீண்டும் காய்கறிக் கடைகளில் தென்படத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரமாவது தையலும் பின்னலும் திரும்பினால் அது மேலும் வளரும்.

குன்னத்தூர் சத்திரத்துக்குக் கிழக்குக் கோபுர வாசலிலிருந்து சில நிமிட நடைதான். மீனாட்சியைத் தரிசிக்க வரும் வாசகர்கள், வீட்டில் பாதியில் நிற்கும் பூத்தையல் துணி ஒன்று இருந்தால் அதையும் பையில் எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒரு தையல் சாமான் கடையில் விரித்துக் காட்டி, அதற்கு இசைந்த நூல் ஒரு கண்டு வாங்கிச் செல்ல வேண்டும். கூடவே ஒரு பிள்ளையையும் அழைத்துச் செல்ல வேண்டும்.