உங்களுக்குத் தெரியுமா? சவாய் ஹோட்டலில் சாப்பாடு

லண்டனில் தேம்ஸ் நதியோரம் 1889-ல் திறக்கப்பட்ட சவாய், கட்டடம் முழுக்க மின்விளக்கு எரிந்த முதல் பிரிட்டிஷ் ஹோட்டல். நிர்வாகத்துக்கு சீசர் ரிட்ஸ் வந்தார். சமையலறையை ஆள அவருடைய நண்பர் அகஸ்ட் எஸ்கோஃபியே வந்தார். உயர்குடிப் பெண்கள் வெளியிடத்தில் சாப்பிடுவது லண்டனில் சகஜமானதற்கு இவர்கள் நடத்திய உணவுக்கூடம் ஒரு முக்கியக் காரணம். அங்கும் துணையில்லாமல் தனியே வரும் பெண்ணுக்கு அப்போது அனுமதி கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'முட்டை மேயர்பீர்' என்றொரு பதார்த்தம். வெண்ணெயில் வெந்த முட்டை, சுட்ட ஆட்டுச் சிறுநீரகம், ட்ரஃபிள் சாஸ் மூன்றும் சேர்ந்தது. ஒரே ஆள் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும். முட்டைக்கு ஒருவர், சுடுவதற்கு ஒருவர், சாஸுக்கு ஒருவர் என்று எஸ்கோஃபியே வேலையைப் பிரித்துக் கொடுத்தார்; சில நிமிடங்களில் தட்டு மேசைக்குப் போய்விடும். இன்று சென்னை நட்சத்திர ஹோட்டல் சமையலறைகளில் 'கமி', 'சூ ஷெஃப்' என்று பதவிகள் இருக்கின்றனவே, அவை அந்த ஏற்பாட்டின் வழி வந்தவைதான். ஆனால் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறு: தன் சமையலறையில் கூச்சல், வசவு, குடி மூன்றையும் தடுத்தார். அனலில் நிற்பவர்கள் தாகம் தீர்க்க பார்லி பானம் வைத்தார். சமையல்காரரைப் பிறர் மதிக்க வேண்டுமென்றால் முதலில் சமையலறை அவரை மதிக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர்.

பணக்காரர்கள் காடையின் நெஞ்சுக்கறியை மட்டுமே கேட்பார்கள். மீதிப் பறவை என்ன ஆகும்? ஏழை முதியோரைப் பராமரித்த கன்னியாஸ்திரீகள் குதிரை வண்டியில் வந்து வாங்கிப் போவார்கள். ஒருமுறை பயன்படுத்திய தேயிலையும் காப்பித்தூளும்கூட அந்த வண்டியில் ஏறின.

பீச் மெல்பா பிறந்ததும் இங்கேதான். பாடகி நெல்லி மெல்பாவுக்காகப் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் சிறகுகளுக்கிடையே, வெனிலா ஐஸ்கிரீம்மேல் பீச் பழம் வைத்துப் பரிமாறினார் எஸ்கோஃபியே. ராஸ்ப்பெர்ரி கூழ் பிற்பாடு சேர்ந்தது.

மேசையில் பதின்மூன்று பேர் உட்காரக் கூடாது என்பது அங்கத்திய நம்பிக்கை. 1898-ல் வுல்ஃப் ஜோயல் என்ற வைரத் தொழிலதிபர் கொடுத்த விருந்துக்குப் பதினான்கு பேர் வரவேண்டும், ஒருவர் வரவில்லை. முதலில் எழுந்து போகிறவருக்குச் சாவு என்று யாரோ சொல்ல, ஜோயலே முதலில் எழுந்தார். சில வாரங்களில் ஜோகன்னஸ்பர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு பதின்மூன்று பேர் வந்தால் ஹோட்டல் ஊழியர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். சொந்தப் பேச்சை வேற்றாள் கேட்பதா என்று விருந்தினர் முகம் சுளித்தார்கள். அதனால் 1927-ல் பேசில் ஐயோனிடிஸ் என்ற கட்டடக் கலைஞர் கறுப்புப் பூனை ஒன்றை மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். பெயர் காஸ்பர். கழுத்தில் நாப்கின் கட்டி நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களுக்கு வைப்பது போலவே ஒவ்வொரு பதார்த்தமும் அதற்கும் பரிமாறுகிறார்கள். சர்ச்சிலுக்கு இந்தப் பூனைமேல் தனிப் பிரியம்.

புகையூட்டிய ஹேடக் மீனும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மடிக்காமல் செய்யும் ஆம்லெட் இங்கே பிரபலம். பெயர் 'ஆம்லெட் ஆர்னால்ட் பென்னட்'. சவாயை மனத்தில் வைத்து 1930-ல் 'இம்பீரியல் பேலஸ்' நாவலை எழுதிய அதே பென்னட்தான்.